ஒன்றரை மார்க்

திருச்சியிலிருந்து மேற்கே போனால் நாமக்கல். கிழக்கே தஞ்சாவூரைத் தாண்டினால் ஒரத்தநாடு. வடக்கே ராத்திரி ரயிலில் ஏறிப் படுத்தால் விடிகிற நேரத்துக்குச் சென்னை, அங்கே வேப்பேரி. மூன்று ஊரிலும் மிருக வைத்தியக் கல்லூரி இருக்கிறது. நடுவில் உள்ள திருச்சியில் இல்லை. "அதனாலென்ன? நாம ரயில்வேக்காரங்க. எந்த ஊரானாலும் கொண்டு போய் விட்டுட்டு வரலாம்" என்றுதான் பொன்மலையில் அந்தக் குடும்பம் நினைத்துக் கொண்டிருந்தது. பெண் தயார், பெட்டி தயார், அப்பத்தா வறுத்து அரைத்த இட்லிப் பொடிகூடத் தயார். கல்லூரியில் இடம்தான் இல்லையென்று வந்துவிட்டது.

நான் பொன்மலைக்குப் போனது வேறு காரியமாக. நீலகிரி மலை ரயிலுக்குப் புதிதாக நீராவி எஞ்சின் செய்து கொடுத்த பணிமனை அல்லவா அது? அதைப் பற்றி எழுதப் போனேன். எனக்கு ஊர் சுற்றிக் காட்ட வந்தவர் ஒரு ஃபிட்டர். வேலை முடிந்ததும், "வாங்க தம்பி, வீட்ல ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போகலாம்" என்று குவார்ட்டர்ஸுக்கு அழைத்துப் போனார். காப்பி வந்தது. ஆனால் வீட்டில் சத்தம் இல்லை. ஒரு சாவு வீட்டில்கூட யாராவது மூக்கைச் சிந்துவார்கள். இங்கே அதுவும் இல்லை. உள்ளறைக் கதவு ஒருக்களித்துச் சாத்தியிருந்தது.

"எம் பொண்ணு தம்பி. பதினாறு நாளாச்சு, வெளியில வரல" என்றார் அவர், தம்ளரைப் பார்த்துக்கொண்டே.

நான் எங்கள் பத்திரிகை ஆபீஸில் என்ன உத்தியோகம் பார்க்கிறேன் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். ஊர் ஊராகப் போய்க் கட்டுரை எழுதுவது பாதி. மீதிப் பாதி, வாசகர்கள் அனுப்பும் கதைகளில் பெரும்பாலானவற்றைத் திருப்பி அனுப்புவது! 'பிரசுரிக்க இயலாமைக்கு வருந்துகிறோம்' என்ற ஒரு வரியோடு. நிராகரிப்பதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு. நிராகரிக்கப்பட்டவரின் வீட்டுக்குள் உட்கார்ந்து காப்பி குடித்தது அன்றுதான் முதல் தடவை. வருத்தம் தெரிவிக்கும் அந்த ஒரு வரிகூட இந்தப் பெண்ணுக்கு வரவில்லை. தரவரிசைப் பட்டியலில் ஓர் எண் வந்தது. அந்த எண்ணுக்கு மேலேயே இடங்கள் தீர்ந்துவிட்டன. அவ்வளவுதான்.

கணக்கு இப்படி. தமிழ்நாட்டில் மாநில இடங்களுக்கு நுழைவுத் தேர்வு கிடையாது. பிளஸ் டூ மார்க்கைக் கொண்டு இருநூறுக்குக் கணக்கிடுகிறார்கள். உயிரியலுக்கு நூறு, பௌதிகத்தையும் ரசாயனத்தையும் பாதியாக்கி ஐம்பது ஐம்பது. உயிரியலில் ஒரு மார்க் போனால் முழுசாக ஒரு மார்க் போச்சு. பௌதிகத்தில் போனால் அரை. இந்தப் பெண் பௌதிகத்தில் ஒரு மூன்று மார்க் கேள்வியை அவசரத்தில் மாற்றிப் படித்துவிட்டாளாம். மூன்றில் பாதி, ஒன்றரை. அவளுடைய பிரிவில் கடைசி இடம் போன மார்க்குக்கும் அவள் மார்க்குக்கும் உள்ள தூரமும் சரியாக அதே ஒன்றரை! நூறு மார்க் குறைந்தவர்கள் மறுநாள் சினிமாவுக்குப் போய்விடுவார்கள். ஒன்றரை மார்க் குறைந்தவர்களுக்குத்தான் தூக்கம் வராது.

ஏழு கல்லூரிகள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். உண்மைதான். 1903-ல் வேப்பேரியில் ஆரம்பித்தது முதல் கல்லூரி. 1936-ல் அது சென்னைச் சர்வகலாசாலையோடு சேர்ந்து பட்டப் படிப்பாயிற்று. ரொம்ப நாளைக்குப் பிறகு, 1985-ல்தான் நாமக்கல். 1989-ல் மிருக வைத்தியத்துக்கென்றே தனியாகப் பல்கலைக்கழகம். 2012-ல் திருநெல்வேலியும் ஒரத்தநாடும். பிறகு சேலம் மாவட்டத்துத் தலைவாசல், தேனி, உடுமலைப்பேட்டை. ஏழையும் கூட்டினாலும் இடங்கள் சில நூறுதான். விண்ணப்பங்களோ பல ஆயிரம்.

இவளுக்கு ஏன் இந்த ஆசை பிடித்தது என்பதற்கு அப்பத்தாதான் ஜவாப்தாரி. பொன்மலைப்பட்டியில் தனி வீட்டில் இருக்கிறாள் அந்த அம்மாள். நாலைந்து ஆடு எப்போதும் உண்டு. பேத்தி மூன்றாவது படிக்கும்போது, பக்கத்துக் கல்யாண வீட்டில் கொட்டிய மிச்சச் சோற்றை ஓர் ஆடு வயிறு முட்டத் தின்றுவிட்டது. ஆட்டுக்குச் சோறு ஆகாது. புல்லும் தழையும் மெல்ல மெல்லச் செரிக்கிற வயிறு அது; சோறு போனால் புளித்துப் பொங்கிவிடும். இடது பக்கம் பானை மாதிரி உப்பி, ஆடு கால்களை விறைத்துக்கொண்டு சாய்ந்துவிட்டது. நல்லெண்ணெயை ஊற்றிப் பார்த்தார்கள், பிரயோஜனம் இல்லை. கால்நடை மருந்தகத்திலிருந்து டாக்டர் மொபெட்டில் வந்தார். விலாவுக்குப் பின்னால் இடது பக்கம் உள்ள பள்ளத்தைத் தடவிப் பார்த்து, குழலோடு கூடிய பெரிய ஊசி ஒன்றைச் 'சடக்'கென்று இறக்கினார். சக்கர டியூபில் காற்றுப் போகிற மாதிரி 'புஸ்'ஸென்று சத்தம். மருந்தும் கொடுத்துவிட்டுப் போனார். சாயங்காலம் ஆடு எழுந்து நின்றது.

"அன்னிக்கு ராத்திரி பூரா இவ அந்த 'புஸ்' சத்தத்தையே போட்டுக் காட்டிக்கிட்டு இருந்தா தம்பி" என்றாள் அப்பத்தா. சிரித்தாள், உடனே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஃபிட்டர் அதிகம் பேசுகிறவர் அல்ல. ஆனால் தொழிலைப் பற்றி என்றால் பேசுவார். "ஒர்க்ஷாப்புல நாங்களும் ரிஜெக்ட் பண்றோம் தம்பி. ஆக்சிலை மிஷின் வெச்சுப் பார்ப்பாங்க. உள்ள மயிரிழை விரிசல் இருந்தாக்கூடக் காட்டிக் கொடுத்துரும். அதுக்குப் பேரு ரிஜெக்ட். அதை வண்டியில மாட்டினா ஆள் சாவாங்க. எம் பொண்ணுக்கு விரிசல் எங்க இருக்கு? வண்டி ஃபுல்லாயிருச்சு, அவ்வளவுதானே! வெயிட்டிங் லிஸ்ட்ல நின்னவன் பிளாட்பாரத்துல நிக்கிறான். அவன் டிக்கெட்டு கள்ள டிக்கெட்டா?"

அந்தக் குடும்பத்துக்குப் பரீட்சைகளைப் பற்றி ஒரு பழைய அபிப்பிராயமும் இருந்தது. ஃபிட்டரின் தாத்தா நாகப்பட்டினத்து ஆள். 1928-ல் தென்னிந்திய ரயில்வே கம்பெனி நாகப்பட்டினத்துப் பணிமனையைப் பொன்மலைக்குக் கொண்டுவந்தபோது, ஆட்களைக் குறைப்பதற்காகத் தொழிலாளர்களுக்குத் திறமைப் பரீட்சை வைக்கப் பார்த்தது. வருஷக் கணக்காகச் சுத்தியல் பிடித்தவனுக்குப் பரீட்சையா என்று கேட்டார்கள். அந்த ஜூலையில் மூண்ட வேலைநிறுத்தம் சரித்திரத்தில் இருக்கிறது. சிங்காரவேலர் சிறைக்குப் போனதும் அதில்தான். "எங்க தாத்தா பரீட்சை எழுதமாட்டேன்னு நின்னாரு. எம் பொண்ணு எழுதிட்டு நிக்கிறா" என்றார் ஃபிட்டர். இரண்டும் ஒன்றல்ல என்று அவருக்கும் தெரியும். மனம் ஆறுவதற்கு மனிதன் எதையெல்லாமோ பிடித்துக்கொள்கிறான்!

கதவு திறந்தது நான் புறப்படுகிற சமயத்தில். மெலிந்த பெண். ராத்திரி விழித்த கண்கள். "சார், நீங்க பத்திரிகைக்காரங்கதானே? இந்தக் காலேஜ் நெசமா இருக்கான்னு உங்களால விசாரிச்சுச் சொல்ல முடியுமா?" என்று ஒரு வழவழப்பான புஸ்தகத்தை நீட்டினாள்.

வேறு மாநிலத்துக் கல்லூரி ஒன்றின் விளம்பரப் புஸ்தகம். அட்டையில் வெள்ளைக் குதிரை. முந்தின நாள் ஓர் ஏஜென்ட் வந்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். மார்க் போதாதவர்களின் விலாசம் இவர்களுக்கு எப்படித்தான் கிடைக்கிறதோ! பணம் மட்டும் கட்டினால் போதும், இடம் நிச்சயம் என்றானாம். லட்சக் கணக்கில் தொகை. ஃபிட்டர் பி.எப்.-பில் கடன் போட விண்ணப்பம் வாங்கி வைத்திருந்தார். அப்பத்தா கழுத்திலிருந்த இரட்டை வடச் சங்கிலியைக் கழற்றிச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டாள். அது அங்கேயே இருந்தது, நானும் பார்த்தேன்.

விசாரிக்கிறேன் என்றேன். விசாரித்தும் விட்டேன். திருச்சியில் எனக்குத் தெரிந்த மிருக வைத்தியர் ஒருவர் இருக்கிறார். சர்க்கார் உத்தியோகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவர். மறுநாள் அந்தப் பெண்ணையும் தகப்பனாரையும் அவரிடம் கூட்டிப் போனேன். புஸ்தகத்தை இரண்டு நிமிஷம் புரட்டினார்.

"கட்டடம் இருக்கும், குதிரைகூட இருக்கலாம். அது இல்லை கேள்வி. 1984-ல் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டம் என்று ஒன்று வந்தது. அதன் முதல் அட்டவணையில் எந்தெந்தப் பல்கலைக்கழகத்துப் பட்டம் செல்லும் என்று போட்டிருக்கும். அட்டவணையில் இல்லாத பட்டத்தை வைத்துப் பதிவு செய்துகொள்ள முடியாது. பதிவு இல்லாமல் வைத்தியம் பார்க்க முடியாது. ஐந்தரை வருஷம் படித்துவிட்டு, ஓர் ஆட்டுக்கு ஊசி போட்டாலும் குற்றம். நீயே பார்த்துச் சொல்லம்மா" என்று கவுன்சிலின் பட்டியலை அவளிடமே கொடுத்தார்.

அவள் இரண்டு தடவை மேலிருந்து கீழே படித்தாள். மூன்றாம் தடவை விரலை வைத்துக்கொண்டு படித்தாள். அந்தப் பட்டம் அதில் இல்லை. "வேண்டாம்ப்பா. அப்பத்தா செயினை எடுத்துப் போட்டுக்கச் சொல்லுங்க" என்றாள். பதினாறு நாளும் அழாதவள், அங்கே நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். டாக்டர் சமாதானம் ஒன்றும் சொல்லவில்லை. அழட்டும் என்று தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். எனக்கு அந்த மனுஷர்மேல் மரியாதை ஏற்பட்டது அப்போதுதான்.

அழுகை ஓய்ந்ததும் அவர் சொன்ன விஷயத்தை நான் எதிர்பார்க்கவில்லை.

"எனக்கு எம்.பி.பி.எஸ். கிடைக்கலேம்மா. அதனாலதான் வேப்பேரிக்குப் போனேன். எங்க கிளாசில முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். 'மனுஷ டாக்டர் ஆக முடியாதவன்தான் மாட்டு டாக்டர்'னு எங்க மாமா ஒரு கல்யாணப் பந்தியில சத்தமாச் சொன்னார். ஆறு மாசம் தலை நிமிரவில்லை. பிறகு ஒரு ராத்திரி காலேஜ் ஆஸ்பத்திரிக்கு ஒரு பசு வந்தது. கன்று குறுக்கே திரும்பியிருந்தது. தோள்வரை கையை உள்ளே விட்டுத் திருப்ப வேண்டும். எங்கள் வாத்தியார் கை பருமன். என் கை ஒல்லி. 'நீ வா' என்றார். விடியற்காலை மூன்று மணிக்குக் கன்று வெளியே வந்து தும்மியது. நீ இப்போ அழுகிற இடம் இருக்கிறதே, நான் அழுதுகொண்டே உட்கார்ந்த இடம்."

ஓர் உபயோகமான தகவலும் இதில் அடங்கியிருக்கிறது. வீட்டில் பரீட்சை எழுதிய பிள்ளைகள் இருப்பவர்கள் கவனிக்க வேண்டும். இன்றைக்கும் மிருக வைத்தியத்தில் இடம் பிடித்துவிட்டு, பிறகு எம்.பி.பி.எஸ். கிடைத்ததும் விட்டுவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அந்தக் காலியிடங்கள் அடுத்தடுத்த சுற்றுக் கலந்தாய்வில் நிரம்புகின்றன. ஆகவே முதல் சுற்று முடிந்தவுடன் முக்காடு போட்டுக்கொள்ளக் கூடாது. இந்தப் பெண் கடைசிச் சுற்றுவரை காத்திருந்தாள். அவளுடைய எண் வரவில்லை. அதுவும் நடக்கும். நான் சர்க்கரை பூசிச் சொல்ல விரும்பவில்லை.

"அடுத்த வருஷம் எழுதேன்" என்று உறவினர்கள் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். எதை எழுதுவது? மாநில இடத்துக்குப் பிளஸ் டூ மார்க்தான் அளவு. அதற்கென்று மறுபடி உட்கார ஒரு நுழைவுப் பரீட்சை கிடையாது. மொத்த இடத்தில் 15 சதவீதம் அகில இந்திய ஒதுக்கீடு. அதற்கு நீட் மார்க். அந்தக் கதவை மட்டும் மறு வருஷமும் தட்டலாம். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021-லிருந்து ஏழரை சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. இவள் படித்தது அந்தக் கணக்கில் வராத பள்ளி. எந்தக் கதவு மூடியது, எது ஒருக்களித்து இருக்கிறது என்று டாக்டர் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். கோழியினத் தொழில்நுட்பம், பால்வளத் தொழில்நுட்பம், உணவுத் தொழில்நுட்பம் என்று அதே பல்கலைக்கழகத்தில் பி.டெக். படிப்புகள் இருப்பதையும் எழுதினார். விலங்கியல் படித்துவிட்டு மாயவரத்துக்குப் பக்கத்தில் மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியில் வனவிலங்கு உயிரியல் மேற்படிப்புக்குப் போகலாம் என்பதையும் எழுதினார். "ஆனா இதெல்லாம் படிச்சா நீ டாக்டர் ஆக மாட்டே. அதையும் தெரிஞ்சுக்கோ" என்றார். அந்தக் காகிதத்தை அவள் நாலாக மடித்து வைத்துக்கொண்டாள். ஆறுதல் வார்த்தை ஒரு கூடை சொன்னாலும் அந்தக் காகிதம் செய்த வேலையைச் செய்திருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது.

திரும்பி வரும் பஸ்ஸில் நான் அவளுக்கு ஒரு கதை சொன்னேன். உண்மைக் கதை.

அயர்லாந்தில் 1868-ல் பிறந்தவள் அலீன் கஸ்ட். பிரபு வம்சம், தாயார் விக்டோரியா ராணியின் அரண்மனையில் பணிப்பதவி வகித்தவள். இந்தப் பெண்ணுக்கோ குதிரை லாயத்தில்தான் பிராணன். எடின்பரோவில் ஒரு மிருக வைத்தியக் கல்லூரியில் சேர்ந்தாள். குடும்பத்துக்குக் கௌரவக் குறைச்சல் என்று பெயரைக்கூட 'கஸ்டன்ஸ்' என்று மாற்றிக்கொண்டாள். நன்றாகப் படித்தாள். 1897-ல் பரீட்சைக்குப் போனால், லண்டனிலிருந்த ராயல் காலேஜ், "பெண்ணுக்குப் பரீட்சை இல்லை" என்றது. மார்க் குறைந்து அல்ல, எழுதவே விடவில்லை! கோர்ட்டுக்குப் போயும் பலன் இல்லை. 1900-ல் படிப்பை முடித்தாள். பட்டம் இல்லை. கல்லூரித் தலைவர் வில்லியம் வில்லியம்ஸ் நற்சான்று ஒன்று எழுதிக் கொடுத்தார். அதை வைத்துக்கொண்டு ராஸ்காமன் ஜில்லாவில் வில்லியம் பைர்ன் என்ற வைத்தியரிடம் உதவியாளாகச் சேர்ந்தாள். கால்வே ஜில்லாவில் அவளை மிருக வைத்திய இன்ஸ்பெக்டராக நியமித்தார்கள். ஆட்சேபணை கிளம்பியது. கடைசியில் வேலையை அவளே பார்ப்பது, 'மிருக வைத்திய' என்ற சொல்லை மட்டும் எடுத்துவிடுவது என்று ஏற்பாடாயிற்று. குதிரைக்கு அந்த வித்தியாசம் தெரியுமா? முதல் உலக யுத்தத்தில் பிரான்ஸுக்குப் போய்ப் போர்க் குதிரைகளுக்குச் சிகிச்சை செய்தாள். 1919-ல் பிரிட்டனில் சட்டம் மாறியது. 1922 டிசம்பரில்தான் ராயல் காலேஜ் பட்டம் கொடுத்தது. அப்போது அவளுக்கு வயது ஐம்பத்து நான்கு.

"இருபத்திரண்டு வருஷம்" என்றாள் பெண், மனக்கணக்குப் போட்டு. கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா சார், அவங்களுக்குப் பணம் இருந்துச்சு. எங்கப்பாவுக்கு ரிடையர் ஆக ஆறு வருஷம்தான் இருக்கு" என்றாள்.

எனக்குப் பதில் தெரியவில்லை. பாலக்கரை வந்ததும் ஜன்னலோரம் காற்று வருகிறதே என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன்.

இங்கே ஒரு வார்த்தை. பதினாறு நாள் அறைக்குள் இருந்த பெண் தானாகக் கதவைத் திறந்தாள். எல்லாக் கதவும் அப்படித் திறப்பதில்லை என்று நாம் பத்திரிகைகளில் படிக்கிறோம். சாப்பாடு இறங்காமல், தூக்கம் இல்லாமல், 'நான் இருந்து என்ன' என்ற பேச்சு ஒரு தடவை வந்தாலும் போதும். பெற்றோர்கள் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணிலும், 14416 என்ற எண்ணிலும் கூப்பிட்டால் பேசுவதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். செலவில்லை. முக்கியமாக, அந்தப் பதினைந்து நாள் வீட்டுக்கு வரும் சித்தப்பா, பெரியப்பாமார்களை வாசலிலேயே காப்பி கொடுத்து அனுப்பிவிடுவது நல்லது. ஃபிட்டர் வீட்டில் அப்பத்தா அதைத்தான் செய்தாள். "என்ன ஆச்சு ரிசல்ட்டு?" என்று கேட்டவர்களிடமெல்லாம், "எனக்கு மூட்டு வலி சரியாயிருச்சு" என்று பதில் சொன்னாளாம்!

இது நடந்து ஏழெட்டு மாதம் கழித்து மறுபடி திருச்சிப் பக்கம் போனேன். பெண் நகரத்தில் ஒரு கல்லூரியில் விலங்கியல் சேர்ந்திருந்தாள். விடியற்காலை நாலரைக்கு எழுந்து நீட்டுக்கும் படிக்கிறாள். தகப்பனாருக்கு அதில் இரண்டு மனசு. "கெடைச்சாலும் கெடைக்கும். கெடைக்கலேன்னா மறுபடி பதினாறு நாள் எங்களால தாங்க முடியாது தம்பி" என்றார் தனியாக. அது அவருடைய பயம்; நியாயமான பயம். ஆனால் படிக்க வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை.

அன்று அப்பத்தா சமயபுரம் ஆட்டுச் சந்தைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். கழுத்தில் இரட்டை வடச் சங்கிலி. பேத்தியும் கூட. என்னையும் ஏற்றிக்கொண்டார்கள்.

சந்தையில் ஒரு கறுப்புப் பெட்டை ஆட்டைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நின்றார். "ஒரு வயசு முடியல தாயி, பால் பல்லு மாறல" என்றார். பெண் மண்டியிட்டு உட்கார்ந்தாள். இடது கையால் தாடையைப் பிடித்து, கட்டை விரலால் கீழ் உதட்டை மெல்ல இறக்கினாள். ஆட்டுக்கு மேல் தாடையில் முன்பல் கிடையாது, கீழே எட்டு. ஒரு வயசைத் தாண்டியபின் நடுவிலுள்ள இரண்டு பால் பல் விழுந்து பெரிய பல் வரும். இரண்டு வயசு வாக்கில் நாலு. இதெல்லாம் அவளே எனக்குச் சொன்னதுதான்.

"நாலு பல்லு போட்டிருக்கு அப்பத்தா. ரெண்டு வயசு இருக்கும். கிட்டிப் பார்த்தா இடது பக்கம் ஒரு பல்லு ஆடுது" என்றாள், ஆட்டின் வாயிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஆட்டுக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "ஏம்மா, டாக்டருக்குப் படிக்கிறியா?"

"இல்லீங்க. எடம் கெடைக்கல."

ஃபிட்டர் வீட்டில் யாரும் சத்தம் போட்டுச் சொல்லாத அந்த வார்த்தையை, சந்தையில் நாற்பது ஐம்பது பேருக்கு நடுவே அவள் சொன்ன மாதிரி இருந்தது, பஸ் போய்விட்டது என்று சொல்கிற மாதிரி. விரல் இன்னும் ஆட்டின் உதட்டில்தான் இருந்தது. நான் அப்பத்தாவைப் பார்த்தேன். அவளுக்கு அதற்கெல்லாம் நேரமில்லை.

"அவளுக்கு எடம் கெடைக்காட்டி என்னய்யா? ஒன் ஆட்டுக்குத்தான் வயசு கூடிருச்சே! வெலையைக் கொறை" என்றாள்.